அதற்கு இணையான தரை

மந்தைவெளியில் ஃப்ளாட் புக் செய்தபோது, ஒப்பந்தத்தில் பெயர், இனிஷியல், சர்வே நம்பர் மூன்றையும் சரிபார்க்கச் சொல்லிச் சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு போன் செய்தார்கள். நான் போய் நின்றது வேறொரு பக்கத்தில். என்னென்ன பொருள் போட்டுக் கட்டித் தருவார்கள் என்ற பட்டியல் அது. அதன் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: குறிப்பிட்ட பொருள் கிடைக்காவிட்டால் அதற்கு இணையான அல்லது மேலான பொருளை பில்டர் போடலாம்.

முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளிடமா இந்த வேலை? இணை என்று யார் சொல்வது? அதை மட்டும் காணோம்.

பாத்ரூம் தரைக்கு வழுக்காத, சொரசொரப்பான டைல்ஸ் என்று பட்டியலில் இருந்தது. எனக்கு அந்த வீட்டில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான். பக்கவாதம் வந்ததிலிருந்து என் கணவருக்கு இடது கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. சாந்தோம் வாடகை வீட்டின் வழவழப்புத் தரையில் ஒருமுறை விழுந்தார். அதன் பிறகு நான்தான் குளிப்பாட்டிவிட்டேன். மைதானத்தில் ஒரே விசிலில் நூறு பையன்களை நிறுத்திய பி.டி. மாஸ்டர், நான் தண்ணீர் ஊற்றும்போது சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பில்டரிடம் சொன்னேன்: "சார், பாத்ரூம் தரையை மாத்தணும்னா என் சம்மதம் வேணும். எழுதிக் கொடுங்க."

"எல்லாருக்கும் ஒரே அக்ரிமென்ட்தான் மேடம்."

"அப்போ எல்லாருக்கும் எழுதிக் கொடுங்க."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கடைசியில் ஓரத்தில் பேனாவால் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

கட்டடம் எழும்பியது. வாசல் கதவின் மரம் மாறியது, சுவிட்ச் மாறியது, சமையல் மேடைக் கல்லும் மாறியது. போய்த் தொலையட்டும் என்று விட்டேன். ஒருநாள் பாத்ரூமை எட்டிப் பார்த்தால், தரையில் என் முகம் தெரிகிறது!

பில்டர் கழுவுற மீனில் நழுவுற மீன். "நீங்க கேட்டது ஸ்டாக் இல்ல மேடம். இது அதைவிட ரேட் ஜாஸ்தி. உங்களுக்கு லாபம்தானே?"

வேலையாட்கள் கை கழுவ வைத்திருந்த சோப்பை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துத் தரையில் கொட்டினேன்.

"செருப்பைக் கழட்டிட்டு அந்த மூலை வரைக்கும் நடங்க சார்."

ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாட்டேன் என்று சொல்ல முடியாமல் காலை வைத்தார். டைல்ஸ் மேஸ்திரி பதறிப்போய்க் கத்தினார்: "சார், சொவுத்த புட்ச்சிக்கினு போங்க சார்! வுயிந்துடப் போறீங்க!"

பில்டரின் இரண்டு கையும் சுவரில்.

"இணையானதுதானே? கையை எடுங்க," என்றேன்.

எடுக்கவில்லை. கையெழுத்துப் போட்ட பக்கத்தை அப்போதுதான் நீட்டினேன். "ரெண்டு காலும் நல்லா இருக்கிற உங்களுக்கே இந்தக் கதின்னா, எங்க வீட்டுக்காரர் என்ன ஆவார்?"

அவர் மேஸ்திரியைப் பார்த்து, "பேத்துடு," என்றார். பட்டியலில் இருந்த அதே டைல்ஸ் எங்கிருந்தோ ஒரே வாரத்தில் வந்து இறங்கியது.

குடிபோன மறுநாள் காலை, வழக்கம்போலத் துண்டும் சோப்புமாக என் கணவர் பின்னாலேயே போனேன். பாத்ரூம் வாசலில் நின்று, உள்ளங்காலால் தரையைத் தேய்த்துப் பார்த்தார். இன்னொரு தடவையும் தேய்த்தார். அப்புறம் என் கையிலிருந்து துண்டையும் சோப்பையும் வாங்கிக்கொண்டார்.

"நீ இங்க எதுக்கு நிக்கிற?"

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. இத்தனை வருஷக் கல்யாணத்தில் அந்த மனிதர் என் முகத்தில் கதவைச் சாத்தியது அதுதான் முதல் தடவை. சந்தோஷம் தாங்காமல் வெளியே நின்று அழுதேன்.