நாலு மணி நேர ஆகாயமும் மணலி ரோடும்

சிங்கப்பூரில், பஸ் மூன்று நிமிடத்தில் வரும் என்று போன் சொன்னால் மூன்றே நிமிடத்தில் வந்து நிற்கிறது. பல வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. இன்னமும் கழுத்தை நீட்டி ரோட்டை எட்டிப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறேன். பக்கத்தில் நிற்பவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும்.

அக்கா மகள் யாழினிக்குக் காது குத்த ஊருக்குப் போகிறேன் என்றதும், கூட வேலை செய்யும் லிம், "சென்னை எவ்வளவு தூரம்?" என்றார். மூவாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, விமானத்தில் நாலு மணி நேரம் என்றேன்.

"கிட்டதானே! அங்கிருந்து வீடு?"

"அதற்கு இன்னொரு நாலு மணி நேரம் ஆனாலும் ஆகும்."

"ஓ, வீடு வேறு ஊரிலா?"

"இல்லை, அதே சென்னைதான்."

லிம் மரியாதையாகச் சிரித்தார். என் ஆங்கிலத்தில்தான் கோளாறு என்று நினைத்திருப்பார். வடசென்னையில் எங்கள் மணலி புதுநகர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். அக்காவுக்கு நான் ஒரே தம்பி. எனக்கு லீவு கிடைக்காமல் இரண்டு தடவை தள்ளிப்போட்டாள். இந்தத் தடவை விமானம் சொன்ன நேரத்துக்கு முன்பே இறங்கியது. டாக்சியும் மணலி வரை பறந்தது. அதற்கப்புறம் முன்னால், பின்னால், பக்கத்தில், எங்கே பார்த்தாலும் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நல்ல நேரம் முடிவதற்குள் நான் போகாவிட்டால் பெரியப்பா மகன் மடிதான். அவன் பட்டு வேட்டி கட்டித் தயாராக இருக்கிறானாம்.

அக்கா போனில், "எங்க கீற?" என்றாள்.

"மணலி தாண்டிட்டேன்க்கா. வண்டி நகரவே மாட்டேங்குது. அவன் மடியிலயே வெச்சிடு."

"வாய மூடு. அங்கியே இரு."

கொஞ்ச நேரத்தில் லாரிகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து ஓர் ஆட்டோ வந்தது. ஓட்டியது அக்கா வீட்டுக்காரர். ஆட்டோதான் அவர் தொழில். பின்சீட்டில் பட்டுப்புடவையில் அக்கா, மொட்டைத்தலையில் சந்தனத்தோடு யாழினி, பெட்டியும் கையுமாகக் காது குத்தும் பத்தர்.

"திரும்பிப் போறதுக்குள்ள நேரம் பூடும். குந்து நைனா!" என்றார் மாமா.

ஏறி உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கினேன். பக்கத்து லாரிக்காரர் இறங்கி வந்து போனில் பாட்டுப் போட்டு அவளுக்கு வேடிக்கை காட்டினார். முகம் தெரியாத மனுஷன், நன்றாக இருக்கட்டும்! பத்தர் வலது காதைக் குத்தினார். யாழினி வீறிட்டாள். அந்த நேரம் பார்த்தா வரிசை நகர வேண்டும்! பின்னால் அத்தனை ஹாரனும் அலறின.

"வண்டி ஆடுனா என் கையும் ஆடும்மா" என்று பத்தர் பெட்டியை மூடிவிட்டார்.

டாக்சி பெட்டிகளோடு பின்னால் வர, நான் ஆட்டோவிலேயே போனேன். வீட்டை அடைந்தபோது நல்ல நேரம் முடிந்திருந்தது. இன்னொரு காதுக்காவது நான் என்று பெரியப்பா மகன் தன் மடியைத் தட்டிக் காட்டினான்.

"ஒண்ணு நல்ல நேரத்துல ஆச்சு, இன்னொண்ணு நம்ம நேரத்துல ஆவட்டும். மடி மட்டும் மாறாது" என்றாள் அக்கா. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குள் யாழினி, வழியில் குத்திய காதில் தோடு மின்ன, வீட்டில் குத்த வேண்டிய காதை என் சட்டையில் அழுத்திக்கொண்டு தூங்கிப்போயிருந்தாள். மறுநாள் காலை எனக்குத் திரும்பிப் போக விமானம். அவள் விழிக்கட்டும் என்று எல்லாரும் காத்திருந்தோம். எனக்கு மட்டும் ஒரு அவசரமும் இல்லை.