பன்னிரண்டு மணிக்குக் குச்சாய் வாசம்

போன வாரம் செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டு மணி. கிள்ளான் வீட்டில் நான் மட்டும்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து உங்களுக்காக எழுதிக்கொண்டிருக்கிறேன். திடீரென்று மூக்கில் ஏறியது பூண்டு வாசம்! நான் அடுப்பே பற்றவைக்கவில்லையே... எங்கிருந்து?

என் முன்வாசல் தோட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளிர் நாடுகளில் வெங்காய இனத்துச் செடிகளை அழகுக்காகவே வளர்க்கிறார்கள். ஊதா நிறத்தில் பந்து பந்தாகப் பூக்கும். ஆசைப்பட்டுக் கிழங்கு வரவழைத்தேன். கிள்ளான் சூட்டில் இரண்டே வாரத்தில் அழுகிப்போனது. விடுவேனா? அதே இனத்துக் குச்சாயை நட்டேன். ஆமாம், மீ கோரேங் நூடுல்ஸில் அரிந்து போடுவார்களே, அதேதான். வெட்டாமல் விட்டால் குட்டி குட்டி வெள்ளை நட்சத்திரமாகப் பூக்கும். பாத்தி கிடையாது, வரிசை கிடையாது. புல்லும் பூவும் இஷ்டத்துக்கு வளர்ந்து முழங்கால் உயரத்துக்கு நிற்கின்றன. "பாம்பு வரும் லா அக்கா" என்பாள் எதிர்வீட்டு மாலா.

குச்சாய் சும்மா நின்றால் மணக்காது. இலை நசுங்கினால்தான் பூண்டு மாதிரி மணக்கும். அப்படியென்றால்... யாரோ மிதித்திருக்கிறார்கள்!

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஜன்னல்வரைக்கும் ஓர் ஆள் நடந்த தடம். கேட்டில் பூட்டு போட்டது போட்டபடி. மறுநாளும் அதே பன்னிரண்டு மணி, அதே வாசம். மூன்றாம் நாளும் அப்படியே. உச்சி வேளையில் எதெல்லாம் நடமாடும் என்று சின்ன வயதில் கேட்ட கதைகள் — படித்தவள், பத்தி எழுதுகிறவள், எனக்கே — வரிசையாக ஞாபகம் வந்தன.

செலாயாங்கில் இருக்கும் மகள் கவிதாவிடம் சொல்லப் பயம். அவள் அப்பா போனதிலிருந்தே "தனியா இருக்காதீங்கம்மா, என்கூட வந்துருங்க" என்று ஒரே நச்சரிப்பு. என் வீட்டை விட்டு நான் ஏன் போக வேண்டும்? ஆனாலும் பயம் ஜெயித்தது, சொல்லிவிட்டேன். சனிக்கிழமையே வந்து கேமரா மாட்டினாள்.

திங்கள் மதியம் மறுபடியும் வாசம். உடனே மகளுக்குப் போன் போட்டேன்.

"ஆள் தெரியுதாடி? போலீஸ்ல சொல்லிருவோமா?"

தன் போனில் கேமராவைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"வேணாம்மா... அப்படியே உட்காருங்க. நான் வரேன்."

வந்தவள் தன் போனில் காட்டினாள். என் வீட்டுக் கதவு திறக்கிறது. வெறுங்காலோடு ஒருத்தி இறங்குகிறாள். என் நைட்டி, என் கொண்டை. செடிகளுக்கு நடுவே நடந்துபோய், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்க்கிறாள். ஆறு நிமிஷம்... அசையவே இல்லை. அந்த நேரத்தில் நான் ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். சத்தியமாக!

"உள்ள யாரைம்மா பார்த்தீங்க?" என்றாள் கவிதா.

காலைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளங்காலில் பச்சைக் கறை. இத்தனை நாளும் வாசம் என் காலோடுதான் வீட்டுக்குள் வந்திருக்கிறது. அழுதேன். வெளியாளுக்குப் பயந்து பூட்டு மேல் பூட்டாகப் போடுகிறோம். உள்ளே இருக்கிற ஆளை என்றாவது சந்தேகப்படுகிறோமா?

வியாழக்கிழமை நரம்பு ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்கப் போகிறோம். முரண்டு பிடிக்கவில்லை, சரி என்றேன். "இந்தச் செடியெல்லாம் வெட்டிட்டு சிமெண்ட் போட்டுரலாம்மா" என்றாள். அதற்கு மட்டும்தான் கத்தினேன்.

வெட்டிவிட்டால், நான் எழுந்து போனதை எனக்கு யார் சொல்வது?