ரேடாராக இருந்த பத்து நாள்

எங்கள் குடும்பத்தில் கப்பலுக்கு வேலைக்குப் போன ஒரே ஆள் அம்மாவின் தங்கை, என் சித்தி. மைசூரில் இதைச் சொன்னால் லேசில் நம்பமாட்டார்கள். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் மங்களூர் வரை பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டு போக வேண்டிய ஊர் இது. சர்ச்சில் ஆன்ட்டிமார் அவளிடம் எந்த ஏர்லைன்ஸ் என்று கேட்பார்கள். ஏர்லைன்ஸ் இல்லை, கப்பல் என்றால், அங்கே சமையலா என்பார்கள். கப்பலைச் செலுத்துகிற அதிகாரி என்று சித்தி பொறுமையாக விளக்குவாள். கேட்டுவிட்டு, சரி, கல்யாணம் எப்போது என்பார்கள். எனக்கானால் பெருமை தாங்காது. மூன்றாம் வகுப்பு முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு சித்தி வேறு யாருக்கு இருந்தாள்?

அந்த வருஷம் விடுப்பில் வந்து, விஜயநகரில் எங்கள் வீட்டில் தங்கிப் பதவி உயர்வுத் தேர்வுக்குப் படித்தாள். எதிரே உட்கார்ந்து ஒருவர் கேள்வி கேட்கிற தேர்வு. ஏற்கெனவே ஒருமுறை போய்த் தோற்றிருந்தாள். ஏன் என்று யார் கேட்டும் வாயைத் திறக்கவில்லை. இன்னொரு முறை தோற்றால், அவளுக்காக நிறுத்தி வைத்திருந்த இடத்தில் வேறொருவர் ஏறிவிடுவார், கப்பல் போய்விடும். அம்மா தினமும் ஜெபத்தில் தங்கைக்காக வேண்டிக்கொண்டாள், அதுவும் தங்கை காதில் விழும்படி உரக்க.

ரேடாரில் சித்தி புலி. மூடுபனியில் கண்ணுக்குத் தெரியாத கப்பலைத் திரையில் ஒரு புள்ளியாகக் காட்டுகிற கருவி அது. அந்தப் புள்ளி எந்தத் திசையில், எத்தனை மைலில் இருக்கிறது என்று ஆறு நிமிஷத்துக்கு ஒருமுறை குறித்து, கோடு போட்டு, நம்மேல் மோதுமா விலகுமா என்று கண்டுபிடிக்க வேண்டும். சாப்பாட்டு மேஜையில் வட்டம் வட்டமாக அச்சடித்த தாளை விரித்து, ஸ்கேலும் பென்சிலுமாக அவள் கோடு இழுக்கிற அழகை நாள் பூராவும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

வீட்டில் ரேடார் ஏது? நான்தான் ரேடார். சித்தியின் தோழி அனுப்பும் கணக்குகளை அப்பா ஆபீஸில் பிரின்ட் எடுத்து என்னிடம் ரகசியமாகக் கொடுப்பார். நான் மேஜைக்கு எதிரே நின்று கடிகாரத்தைப் பார்த்து, ஆறு நிமிஷத்துக்கு ஒருமுறை அதில் உள்ள எண்களைப் படிக்க வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் முறுக்கு தின்னலாம்.

ஒரு சனிக்கிழமை அந்தக் கணக்குத் தாளைக் காணோம். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த அம்மா, ஊறுகாய் பாட்டில் ஒழுகாமல் இருக்க அதைச் சுற்றிக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டாள். சித்தியிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் ரேடார் பழுது என்று சொல்ல ரேடாருக்கு மனம் வரவில்லை. வெறும் எண்கள்தானே, நாமே சொல்லிவிட்டால் போயிற்று என்று வெறுங்கையோடு போய் நின்றேன்.

"சிக்ஸ்டி டிகிரீஸ், எய்ட் மைல்ஸ்."

சித்தி குனிந்தபடியே புள்ளி வைத்தாள். இரண்டு எண்களை மாற்றி மாற்றி ஞாபகம் வைப்பது எனக்குக் கஷ்டம். அதனால் திசையை அப்படியே விட்டுவிட்டு, மைலை மட்டும் இரண்டிரண்டாகக் குறைத்தேன். ஆறு மைல். நாலு மைல்.

"திசை மாறவே இல்லையா பாப்பா?"

"இல்ல சித்தி."

திசை மாறாமல் தூரம் மட்டும் குறைந்துகொண்டே வந்தால் அந்தக் கப்பல் நேராக நம்மேல்தான் வருகிறது என்பது பாலபாடமாம். எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டாம் வாய்ப்பாடு. சித்தி தாளில் தன் கப்பலை நன்றாக வலப்பக்கம் திருப்பினாள். நான் அறுபது டிகிரி, இரண்டு மைல் என்றேன். எதிர்க் கப்பல்காரனும் கெட்ட நேரத்தில் திருப்பிவிட்டான் போலிருக்கிறது என்று முணுமுணுத்தாள். எஞ்சினை நிறுத்தினாள். மூக்கு நுனியில் வியர்வை. அழித்து அழித்துக் கோடு போட்டாள். எனக்கோ ஒரே குஷி.

"சிக்ஸ்டி டிகிரீஸ், ஸீரோ மைல்ஸ்."

பென்சில் நின்றது. கணக்கைச் சரிபார்க்க வேண்டும், தாளைக் கொடு என்று கை நீட்டி, அப்போதுதான் சித்தி தலையை நிமிர்த்தினாள். நான் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினேன்.

"தாள் இல்ல சித்தி. அம்மா ஊறுகாய் பாட்டில்ல சுத்திட்டுப் போயிட்டாங்க."

"எப்போ?"

"காலைலயே."

சித்தி என் கைகளைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், மறுபடி என் கைகளைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. பேப்பரில்தானே இடித்தது, யாரும் சாகவில்லையே என்று என்னால் முடிந்த ஆறுதலைச் சொன்னேன். என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். ஒரு அடி விழவில்லை, ஒரு வசவு இல்லை.

அதற்குப் பதில் மறுநாள் வேறொன்று ஆரம்பித்தது. இரண்டு கோடு போடுவாள், நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள். மறுபடி இரண்டு கோடு, மறுபடி ஒரு பார்வை. முகம், கை, தாள் என்று நிதானமாகப் பார்ப்பாள். எனக்குச் சுரீரென்றது. ஒரே ஒருநாள் செய்ததற்கு இத்தனை சந்தேகமா? தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் படித்தேன். அப்போதும் பார்ப்பதை விடவில்லை. அம்மாவிடம் புகார் சொன்னதற்கு, பொய் சொன்னால் அப்படித்தான் என்று சொல்லிவிட்டாள். இப்படியே பத்து நாள் போயிற்று. பிறகு சித்தி சென்னைக்குப் போய்த் தேர்வில் தேறி, எனக்கு ஒரு கைக்கடிகாரமும் வாங்கி வந்தாள். ஒருவழியாக மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தி இப்போது கேப்டன். சென்ற வருஷம் விடுப்பில் வந்தபோதுதான் முதல்முறை தோற்ற கதையைச் சொன்னாள். மூடுபனியில் எதிரே ஒரு கப்பல் என்று கேள்வி. சித்தி ஒரு கணக்குப் பிசகாமல் அரைமணி நேரம் போட்டுக் காட்டியிருக்கிறாள். தேர்வாளர் கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்: "மூடுபனி இன்னும் இருக்கிறதா என்று ஒருமுறையாவது கப்பல் ஜன்னல் வழியாகப் பார்த்தீர்களா?"

அப்படியானால் அந்தப் பத்து நாள் என்னைச் சந்தேகப்பட்டதெல்லாம் என்ன கணக்கு என்று கேட்டேன்.

"சந்தேகமா? உன்மேலயா?" சித்திக்கு நிஜமாகவே புரியவில்லை. "திரையிலேருந்து கண்ணை எடுத்து வெளிய பார்க்கப் பழகினேன் பாப்பா. வீட்டுல நீதானே எனக்கு ஜன்னல்."

அந்தப் பத்து நாளும் ஜன்னல் அவளைப் பதிலுக்கு முறைத்துக்கொண்டே நின்றது.