மக்ரூன் மோட்டாரும் மன்னார் குரலும்

வீட்டிலிருந்தே வானலையில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோவுக்கு என்னிடம் லைசென்ஸ் உண்டு. ஞாயிறு காலைகளில் கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கை மன்னாரில் இருக்கும் நண்பரோடு பேசுவேன். பேசுவேன் என்பது பெரிய வார்த்தை. என் பக்கத்து இரைச்சலில் "திருப்பிச் சொல்லுங்க" என்று கெஞ்சுவதிலேயே பாதி நேரம் போய்விடும்.

ஒரு வியாழக்கிழமை அவரிடமிருந்து வாட்ஸப் செய்தி வந்தது. 'தொண்டையில் ஆபரேஷன். திங்கள் அட்மிட். பிறகு குரல் வருமோ தெரியாது. ஞாயிறு ரேடியோவுக்கு வாரும்.' போனில் பேசினால் என்ன என்றாள் மனைவி. இத்தனை வருஷம் வானலையில் பேசிவிட்டுக் கடைசியில் போனிலா? எனக்குக் கோபமே வந்தது.

வீட்டு மெயினை அணைத்து, ரேடியோவை பேட்டரியில் ஓட்டிப் பார்த்தேன். இரைச்சல் குறையவில்லை. ஆக, குற்றவாளி வெளியே. சின்ன டிரான்சிஸ்டரோடு, இரைச்சல் வரும் திசையைப் பிடிக்க ஆன்டெனாவாகச் செம்புக்கம்பி சுற்றிய சைக்கிள் ரிம் ஒன்றையும் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். கிட்டப் போனால் கரகரப்பு கூட வேண்டும். ஆனால் நான் எந்த வாசலை நெருங்கினாலும் அது அடங்கியது. தாண்டியதும் முதுகுக்குப் பின்னால் எழுந்தது. என் உடம்புதான் இரைச்சலைக் குடிக்கிறதோ என்று ஒரு நாள் முழுக்க நம்பினேன்.

சனிக்கிழமை ஒரு ஜன்னலுக்குள் குரல் கேட்டது: "ஏளா, மோட்டார அமத்து! கரண்டாபீஸ்காரவ கருவியோட வாராவ!"

எங்கள் தெருவில் வீட்டு மீட்டரிலேயே தொழில் ஓடுகிறது; கரண்டாபீஸ் பிடித்தால் அபராதம். மக்ரூன் பலகாரத்துக்கு முட்டை அடிக்கிற மிஷின், மாவு கிரைண்டர், தையல் மிஷின். நான் ஏதோ ஆபீசில் வேலை பார்க்கிறேன் என்பது தெருவுக்குத் தெரியும். எந்த ஆபீஸ் என்று யாரும் கேட்டதில்லை. இப்போது அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள்.

கதவைத் தட்டி விளக்கப் போனேன். முழங்கை வரை முட்டை நுரையோடு ஒரு பெண் வந்தாள். "எங்க வீட்ல மிஷினே கெடையாது அண்ணாச்சி" என்று சொல்லி, ஒரு பாக்கெட் மக்ரூனை என் கையில் திணித்துக் கதவைச் சாத்தினாள்.

ஞாயிறு காலை எல்லா மோட்டாரும் ஓடின. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன்.

"நீங்க ரேடியோகிட்ட இரிங்க. நான் அதத் தூக்கிட்டு ஒரு நடை போய்ட்டு வாரேன்" என்றாள் மனைவி.

நல்ல சேலை கட்டி, கண்ணாடி மாட்டி, ரிம்மோடு இறங்கினாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று முகத்தைச் சுளித்தாள். கடைசி வீடு வரை போய்த் திரும்பினாள், மறுபடி போனாள். எவருக்கும் மிஷினைத் திரும்பப் போடத் துணிச்சல் வரவில்லை. என் ஸ்பீக்கர் அப்படியே அமைதியானது.

அதில் அவர் குரல் வந்தது. கம்மிப்போயிருந்தது, வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கினார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷம். உம்மட இரைச்சலில உமக்கு விளங்கேல்ல." பிறகு அவரே கேட்டார். "இண்டைக்கு அது எங்க போயிட்டுது?"

"என் வீட்டுக்காரி சைக்கிள் ரிம்ம வச்சுத் தெருவ மெரட்டிக்கிட்டு நடக்கா" என்றேன்.

சிரித்தார். இருமி, நிறுத்தி, மறுபடி சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. அவர் சிரிப்பை நான் முழுசாகக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.