விசா வந்துவிட்டதாக நாங்கள் நினைத்த அண்ணன்

"விசா கெடச்ச சந்தோசத்துல இருக்குற மனுசனப் பாத்து, சாகப்போறாரோன்னு பயமா இருக்குன்னு சொல்றியே புள்ள. நாலு எழுத்துப் படிச்சா இப்பிடித்தான் தோணுமோ?"

எங்கள் டயாலிசிஸ் யூனிட்டின் இன்சார்ஜ் சிஸ்டர் என்னைக் கேட்ட கேள்வி இது. அவர் திட்டினால் யாரும் மனதில் வைத்துக்கொள்வதில்லை. காலையில் திட்டுவார், மதியம் தன் டிபன் பாக்ஸைத் திறந்து மீன் துண்டில் பெரியதாகப் பார்த்து நம் தட்டில் வைப்பார். ஆனால் இந்த ஒன்றை நான் வைத்துக்கொண்டேன். "நாலு எழுத்து" என்பது எனக்குச் சும்மா கடந்து போகிற சொல் அல்ல. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். அழகர்கோவில் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டும் களை பறித்தும் என்னை நர்சிங் படிக்க வைத்தார்கள். அம்மாவுக்கு டயாலிசிஸ் என்ற சொல் வாயில் நுழையாது. "எம்மக ரத்தத்தத் தொவச்சுக் குடுக்குது" என்று பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்களிடமெல்லாம் சொல்லும். நான் ஒருநாளும் திருத்தியதில்லை.

சிஸ்டர் கேட்டது எங்கள் சீனியர் டெக்னீஷியன் அண்ணனைப் பற்றி. அவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

டயாலிசிஸ் நோயாளிகள் வாரத்துக்கு இரண்டு தடவை, மூன்று தடவை வருவார்கள். ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் மெஷினோடு கட்டிப்போட்ட மாதிரி சாய்வு நாற்காலியில் படுத்திருப்பார்கள். அந்த நான்கு மணி நேரத்தைச் சிரிப்பாக ஓட்டிவிடுவதில் அண்ணனுக்கு இணை கிடையாது. வில்லாபுரத்திலிருந்து வரும் டெய்லர் மாமாவிடம், "மாமா, இன்னிக்கு ஊசி நான் குத்துறேன், அடுத்த மாசம் என் சட்டைல நீங்க குத்துங்க, கணக்குச் சரியாப் போச்சு" என்பார். மெஷின்களுக்கும் பெயர் வைத்திருந்தார். காரணமே இல்லாமல் கத்துகிற பழைய மெஷினுக்கு மாமியார் என்று பெயர். அவர் தட்டினால் மட்டும்தான் அது அடங்கும். வேறு யாரையும் அதைத் தொடவே விடமாட்டார். என்னைக் கலெக்டரம்மா என்று கூப்பிடுவார். படிப்பைப் பற்றி நான் கொஞ்சம் பெருமையாகப் பேசுவேன் என்பது யூனிட்டுக்கே தெரியும்.

ட்யூபை இறுக்கிப் பிடிக்க நாங்கள் வைத்திருக்கும் கிளாம்ப் ஆளுக்கு ஒன்று உண்டு. ஆனால் கைமாறி மாறிக் காணாமல் போகும். அண்ணன் தன்னுடையதில் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு வைத்திருந்தார். அதை யாராவது எடுத்துவிட்டால் மூன்று வார்டுக்குக் கேட்கும்படி சத்தம் போடுவார்.

அந்த வருடம் கோடை தொடங்கும் நேரத்தில் எங்கள் நோயாளிகளில் ஒரு பெண் இறந்துபோனது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பெண். ஜன்னலோர நாற்காலி அதனுடையது. அண்ணன் அதற்குத் தடவைக்கு ஒரு விடுகதை போடுவார். அது அடுத்த தடவை வரும்போது விடை சொல்லும். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. திங்கட்கிழமை காலை அந்த நாற்காலியில் காத்திருப்போர் பட்டியலிலிருந்து ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். அவருக்கு மெஷினைத் தயார் செய்தது அண்ணன்தான். பெரியவருக்கு ஒரு ஜோக்கும் சொன்னார். நாங்கள் யாரும் அந்தப் பெண்ணைப் பற்றி எதுவும் பேசவில்லை. பேசக் கூடாது என்றில்லை. எங்கள் வேலையில் அதற்கென்று ஒரு நேரம் கிடையாது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் அண்ணன் கொடுக்க ஆரம்பித்தார்.

முதலில் லீவைக் கொடுத்தார் என்று சொல்ல வேண்டும், அல்லது எங்கள் டூட்டியை எடுத்தார் என்று. சித்திரைத் திருவிழா வந்தது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு லீவு வாங்க எங்கள் யூனிட்டில் பெரிய சண்டையே நடக்கும். அந்தத் தடவை சண்டையே இல்லை. எல்லோர் டூட்டியையும் நானே பார்க்கிறேன், போய்ச் சாமி கும்பிட்டு வாருங்கள் என்று அண்ணன் சொல்லிவிட்டார். தங்கமான மனுஷன் என்று நாங்கள் ஆற்றங்கரையில் நின்று பேசிக்கொண்டோம். பிறகு, நோயாளிகளுக்குப் பாட்டுப் போடுகிற தன்னுடைய ஸ்பீக்கரை டெய்லர் மாமாவுக்குக் கொடுத்தார். பைக்கைத் தம்பி பெயருக்கு மாற்றிக்கொண்டிருப்பதாக ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அப்புறம் ஒரு மதியம் என்னைக் கூப்பிட்டு, மாமியாரை எங்கே தட்ட வேண்டும், எந்த ஸ்குருவை அரைச் சுற்று திருப்ப வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லித் தந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசியில், சிவப்புப் பொட்டு வைத்த கிளாம்பை எடுத்து என் கோட் பாக்கெட்டில் போட்டு, "வச்சுக்க கலெக்டரம்மா" என்றார்.

யூனிட்டில் எல்லோருக்கும் அன்றே விஷயம் புரிந்துவிட்டது. அண்ணனுக்கு விசா வந்துவிட்டது.

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து குவைத்துக்கும் சவுதிக்கும் போனவர்கள் நிறையப் பேர். டிக்கெட் கைக்கு வரும் வரை ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். சொன்னால் கண்ணுபட்டு நின்றுபோகும் என்று பயம். வேலையை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தால் ஆள் கிளம்புகிறார் என்று அர்த்தம். அதனால் நாங்கள் அண்ணனை ஓட்ட ஆரம்பித்தோம். எப்போது ட்ரீட் என்று கேட்டோம். ஹவுஸ்கீப்பிங் அக்கா, தன் மகளுக்கு ஒரு சென்ட் பாட்டில் வாங்கி அனுப்பச் சொன்னார். சாப்பாட்டைப் பாதியில் மூடி வைக்கிறாரே என்று கேட்டதற்கு, அங்கே போய்க் குப்பூஸ் ரொட்டி தின்னுவதற்கு இப்போதே பழகுகிறார் என்று யாரோ பதில் சொன்னார்கள். அண்ணன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்தார்.

நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவருக்கு ஒரு பெட்டி வாங்கினோம். சக்கரம் வைத்த பெரிய நீலப் பெட்டி. மதியம் ஷிப்ட் மாறுகிற நேரத்தில் சிஸ்டர் அதை உருட்டிக்கொண்டு வந்து கொடுத்து, தலையில் கை வைத்து ஜெபம் செய்தார். எல்லோரும் கை தட்டினோம். அண்ணன் பெட்டியின் கைப்பிடியை இழுத்துப் பார்த்தார், உள்ளே தள்ளினார். நன்றி சொன்னார். பிறகு ஹவுஸ்கீப்பிங் அக்கா பக்கம் அதைத் திருப்பி, "அக்கா, நீங்க கொண்டுபோங்க. மக கல்யாணத்துக்கு ஆகும்ல" என்றார்.

ஏஜென்சிக்காரன் இதைவிடப் பெரிய பெட்டி கொடுத்திருப்பான் என்று எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் சித்தப்பா சவுதிக்குப் போனபோது நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். போகிற மாதம் முழுக்க அவர் வாங்கிக்கொண்டேதான் இருந்தார். அப்பாவின் புது லுங்கியை வாங்கினார். பக்கத்து வீட்டில் பெட்டி வாங்கினார். அம்மாவிடம் ஊறுகாய், பருப்புப் பொடி, வத்தல் எல்லாம் வாங்கிக் கயிறு போட்டுக் கட்டினார். பெட்டி நிறைந்த பிறகும் இன்னும் கொஞ்சம் கருவாடு கிடைக்குமா என்று கேட்டார். வெளிநாடு போகிறவனுக்கு அங்கே ஒரு நாள் விடியும், பசிக்கும், உடுத்த வேண்டும். அண்ணன் எதையும் வாங்கவே இல்லை. பெட்டியைக்கூடக் கொடுத்துவிட்டார். அப்படியானால் அவர் போக நினைக்கிற இடத்தில் எதுவும் தேவைப்படாது.

நர்சிங் மூன்றாம் வருடத்தில் மனநலப் பாடம் நடத்திய மேடம் இதையெல்லாம் சொல்லியிருக்கிறார். தூக்கம் குறையும், சாப்பாடு குறையும், பிடித்த பொருளை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், அதன் பிறகு ஓர் அமைதி வந்த மாதிரிகூட இருக்கும் என்று. அதையெல்லாம் நோயாளிகளிடம் பார்க்கத்தான் நாங்கள் படித்தோம். வெள்ளைக் கோட்டுப் போட்டவர்களிடம் பார்க்க வேண்டும் என்று பரீட்சையில் கேள்வி வரவில்லை.

சிஸ்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். கேட்டுவிட்டு, நல்ல காரியம் நடக்கும்போது அபசகுனமாகப் பேசாதே என்று ஸ்டோர் ரூமுக்குள் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அண்ணன் சேர்ந்த நாளிலிருந்து அவரைப் பிள்ளையாகப் பார்க்கிறவர். பிள்ளைக்கு அப்படி ஒன்று இருக்கும் என்று எந்தத் தாய் உடனே நம்புவாள்?

மெஷின்களுக்குத் தண்ணீர் சுத்தம் செய்து அனுப்பும் அறை யூனிட்டுக்குப் பின்னால் இருக்கிறது. மோட்டார் சத்தத்தில் அங்கே யாரும் நிற்க மாட்டார்கள். அண்ணன் அங்கே ஒரு கேன்மேல் உட்கார்ந்திருந்தார். நான் போய் இன்னொரு கேனை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கிளாம்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிட்டதாகிவிடுமோ என்று பயப்படக் கூடாது, நேராகக் கேட்க வேண்டும் என்று மேடம் சொன்னது ஞாபகம் இருந்தது. இருந்தாலும் முதலில் விசாவைப் பற்றித்தான் கேட்டேன்.

"அண்ணே, விசா வரல, அப்பிடித்தானே?"

அவர் மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாகணும்னு நெனைக்கிறீங்களாண்ணே?"

முதலில் சிரித்தார். பழகிய சிரிப்பு. அது முகத்திலேயே நின்று, மெதுவாகக் கலைந்தது. "ஆமா" என்றார். பிறகு, "எல்லாரும் விசான்னு சொன்னீங்களா, அப்பிடியே நெனைச்சுக்கிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். அது வசதியாத்தான் இருந்துச்சு" என்றார்.

காரணம் என்று ஒன்றைச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. பல மாதமாகத் தூக்கமில்லை என்றார். அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வைத்திருந்த விடுகதை இன்னும் தலைக்குள்ளேயே ஓடுகிறது என்றார். ஜோக் சொல்லும்போது வேறு யாரோ பேசுகிற மாதிரி இருக்கிறது என்றார். நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. எனக்குச் சொல்லத் தெரியவும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லாதே என்று கடைசியில் கேட்டுக்கொண்டார்.

"சொல்லுவேண்ணே. சிஸ்டர்ட்ட சொல்லுவேன், உங்க தம்பிட்ட சொல்லுவேன். அப்புறமா என்மேல எம்புட்டு வேணும்னாலும் கோவப்படுங்க. கோவப்பட நீங்க இருக்கணும்ல."

அந்த இடத்தை விட்டு எழாமலே சிஸ்டருக்குப் போன் செய்தேன். வாசலில் வந்து நின்று அண்ணன் முகத்தைப் பார்த்த உடனே அவருக்கு விளங்கிவிட்டது. பக்கத்தில் வந்து, சின்னப் பிள்ளைக்குச் செய்கிற மாதிரி அவர் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். "வாடா, டாக்டர்ட்ட போவோம். நானும் வாரேன்" என்றார். அதுவரை அவர் அண்ணனை "தம்பி, வாங்க" என்றுதான் கூப்பிடுவார்.

அன்றைக்கே தல்லாகுளத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் போனோம். ஆட்டோவில் அண்ணன் நடுவில், நாங்கள் இரண்டு பக்கமும். சிஸ்டர் மடியில் டிபன் பாக்ஸ். ஒவ்வொரு சிக்னலிலும் அதைத் திறந்து அண்ணன் வாயில் ஒரு கவளம் வைத்தார். வேகத்தடையில் குலுக்கியதற்கு ஆட்டோக்காரரைத் திட்டினார். மாத்திரையை ஒழுங்காகக் கொடுக்க வேண்டும், தனியாக விடக் கூடாது என்று டாக்டர் சொன்னதை, அண்ணனை வீட்டில் விட்டபோது சொல்லுக்குச் சொல் அவர் தம்பியிடம் ஒப்பித்தார். வீட்டில் என்னென்ன பொருள்கள் கைக்கெட்டாமல் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். திரும்பி வரும் வழியில் சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. பிடித்த கையையும் விடவில்லை.

அண்ணன் சில வாரங்கள் வேலைக்கு வரவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் எங்களில் யாராவது அவர் வீட்டுக்குப் போவோம். ஒன்றும் பேசாமல் கேரம் ஆடிவிட்டு வந்த நாட்களும் உண்டு. மருந்து உடனே வேலை செய்யவில்லை. ஒருதடவை மாற்ற வேண்டி வந்தது. எனக்கும் பயம் போகவில்லை. அவர் போனை எடுக்கத் தாமதமானால் உடனே தம்பிக்குப் போட்டுப் பார்ப்பேன். யூனிட்டிலோ, டெய்லர் மாமா வருகிற நாளெல்லாம், விசாக்காரர் எப்போது விமானம் ஏறுகிறார் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அரை நாள் டூட்டிக்கு அண்ணன் திரும்பி வந்தபோது அந்தக் கேள்வியை மாமா அவரிடமே கேட்டார். யூனிட் முழுக்கக் கையிலிருந்த வேலையை விட்டுத் திரும்பிப் பார்த்தது.

"விசா கேன்சல் மாமா. இங்கனயே கெடந்து உங்களக் குத்தச் சொல்லிட்டாங்க."

மாமா ஸ்பீக்கரைத் திருப்பித் தரவில்லை. கேட்டதற்கு, கொடுத்தது கொடுத்ததுதான் என்று சொல்லிவிட்டார். ஹவுஸ்கீப்பிங் அக்காவின் மகள் அந்த நீலப் பெட்டியோடுதான் புகுந்த வீட்டுக்குப் போனாள். அண்ணன் வந்து பந்தியில் உட்கார்ந்து இரண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவர் கேட்டு வாங்கியதைப் பார்த்து நானும் சிஸ்டரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கிளாம்பை நான் நீட்டியபோது, மங்கிப்போன பொட்டைத் தடவிப் பார்த்து வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அடுத்த வாரமே அதை யாரோ எடுத்துவிட்டார்கள் என்று மூன்று வார்டுக்குக் கேட்கும்படி சத்தம் போட்டார். சிஸ்டர் ஸ்டோர் ரூமுக்குள் போய் அழுதுவிட்டு வந்தார்.

இப்போது எங்கள் நோயாளி ஒருவர் இறந்துபோனால், அவர் நாற்காலியில் அடுத்தவரை உட்கார வைக்கும் முன் நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு டீ குடிக்கிறோம். சிஸ்டர் கொண்டுவந்த பழக்கம் இது. இறந்தவர் என்னென்ன சொல்லிச் சிரித்தார் என்று அப்போது பேசுவோம். சில சமயம் யாரும் பேச மாட்டோம். டீ ஆறிப்போகும்.

சிஸ்டர் அன்று கேட்ட கேள்வியை நான் இன்னும் வைத்திருக்கிறேன். நாலு எழுத்துப் படித்தால் இப்படித்தான் தோன்றும் என்றால், எனக்கு இன்னும் கொஞ்சம் எழுத்து வேண்டும். மனநல நர்சிங்கில் ஒரு வருடப் படிப்பு இருக்கிறது. விண்ணப்பத்தைக் காட்டியபோது சிஸ்டர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு முழுவதும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். என் டூட்டியைத் தானே பார்த்துக்கொள்வதாக அண்ணன் முன்வந்தார். "உங்க டூட்டிய மட்டும் பாருங்கண்ணே" என்று நானும் சிஸ்டரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

அம்மா இப்போது பஸ் ஸ்டாப்பில், "எம்மக இனிமே மனசத் தொவச்சுக் குடுக்கும்" என்று வேறு கதை சொல்கிறதாம். போன திங்கட்கிழமை காலை அதே பஸ் ஸ்டாப்பில் ஏறி, கல்லூரி வாசலில் இறங்கி, முதல் வகுப்பில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன்.