தபால்தலைத் தாடிக்காரருக்குக் கண் திறந்த நாள்

என்னை நாய் கடித்தபோது எனக்கு எட்டு வயது. தப்பு என் பேரில்தான். வாயில் நுரை தள்ள எங்கள் ஊரான மயிலாடியின் தெருவில் ஓடிவந்த நாயைப் பார்த்து எல்லாரும் வீட்டுக்குள் ஓடினார்கள். நான் வேடிக்கை பார்க்க வெளியே வந்தேன். கெண்டைக்காலில் நன்றாகப் பிடுங்கிவிட்டது. பிறகு நாயை ஊரார் அடித்துக் கொன்றார்கள். அது வெறிநாய் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அப்படிப்பட்ட நாய் கடித்தவர்கள் சில வாரத்தில் தண்ணீரைக் கண்டாலே நடுங்கிச் செத்துப்போவார்கள் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும், என்னைத் தவிர.

மந்திரிக்க ஆள் சொன்னார்கள், பச்சிலைக்கு ஆள் சொன்னார்கள். சிலை கொத்துகிற அப்பா எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எப்போதாவது வரும் பஸ்ஸுக்கும் காத்திராமல் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கு நடந்தார். பதினான்கு நாள், தினம் ஒரு ஊசி, அதுவும் வயிற்றில். நானும் அம்மாவும் வடசேரியில் அத்தை வீட்டில் தங்கினோம்.

ஊசி போட என்னைப் பிடிக்க நாலு பேர் வேண்டியிருந்தது. அங்கே ஒரு கம்பவுண்டர் இருந்தார். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்; தபால்தலை சேர்க்கும் பைத்தியம். மூன்றாம் நாள் ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து, சிவப்புத் தபால்தலை ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். பிரெஞ்சு தேசத்துத் தபால்தலையாம். அதில் ஒரு தாடிக்காரர் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். கம்பவுண்டர் சொன்ன பெயர் என் வாயில் நுழையவில்லை.

"இவருதாம் மக்கா நாய்க்கடிக்கு மருந்து கண்டுபிடிச்ச விஞ்ஞானி. ராசா படம் போடுத எடத்துல இவரு படத்தப் போட்டிருக்கானுவ, பாத்தியா?"

ராஜா இருக்க வேண்டிய இடத்தில் ஊசிக்காரருக்கு என்ன வேலை என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஊசி போட்டு முடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து தபால்தலை கையில் வந்தால்தான் வயிற்றைக் காட்டுவேன்.

கடைசி நாள் அப்பா அதை இரவல் கேட்டு வாங்கி, வெற்றிலைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்து ஊருக்குக் கொண்டுவந்தார். பிள்ளையாரும் அம்மனும் செய்து பழகிய கை, மறுநாளே ஒரு முழக் கல்லில் தாடிக்காரரைத் தொடங்கியது. மூக்கு வந்தது, தாடி வந்தது. தபால்தலையில் நெற்றிக்குக் குறுக்கே மூன்று கோடுகள் ஓடின. அப்பா அதையும் விடாமல் கொத்தினார்.

தபால்தலையைத் திரும்ப வாங்க வந்த கம்பவுண்டருக்குச் சிலையைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

"ஆசாரியாரே, இது தபாலாபீசுல குத்துன முத்திரையாக்கும். வெள்ளக்காரருக்குத் திருநீத்துப் பட்டை போட்டுட்டீரே!"

அப்பா கோடுகளில் படிந்திருந்த கல்தூளை ஊதினார். "எம் பிள்ளைக்கு மருந்து குடுத்தவரு. நாம் பூசிவிட்டதா இருந்துட்டுப் போட்டும்" என்றார்.

புறப்படும்போது கம்பவுண்டர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு மண்டலம் கழியட்டும். பெறவு பயமில்ல." நாற்பத்தொரு நாள் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

இனி கண் மட்டும்தான் பாக்கி. சிலைக்குக் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். அப்பாவோ திறக்கிற வழியாக இல்லை. அம்மி கொத்தினார், ஆட்டுரல் கொத்தினார். தாடிக்காரர் குருடராகவே மூலையில் நின்றார். தினமும் எழுந்ததும் அப்பா எனக்கு ஒரு செம்புத் தண்ணீர் தருவார். கடைசி மிடறு இறங்கும்வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

"அவருக்கு எப்பம்ப்பா கண்ணு தெறப்ப?"

"தெறக்கலாம்ட்டி. என்ன அவசரம்?"

அப்பாவுக்கு வெள்ளைக்காரர் கண் செய்யத் தெரியவில்லை என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தேன்.

மண்டலம் முடிந்த மறுநாள் காலை, செம்பைக் காலி செய்து கவிழ்த்துக் காட்டினேன். அப்பா அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டுச் சிற்றுளியை எடுத்தார். இரண்டு கண்ணும் திறக்க அதிக நேரம் ஆகவில்லை.

கண் திறந்த சிலை முதலில் நல்லதைத்தான் பார்க்க வேண்டும். பசுவும் கன்றும், கண்ணாடி, நெல் என்று கொண்டுவந்து காட்டுவது வழக்கம். பக்கத்து வீட்டுப் பசுவை அவிழ்த்து வர ஓடினேன். அப்பா என் கையைப் பிடித்து இழுத்துச் சிலைக்கு நேர் முன்னால் நிறுத்தினார். அம்மா வாசலில் நின்று அழுதாள். எனக்கு வந்ததோ கோபம். அவ்வளவு பெரிய விஞ்ஞானிக்கு ஒரு பசுமாட்டைக்கூடக் காட்டாமல், பல் தேய்க்காத என்னைக் காட்டி ஒப்பேற்றிவிட்டாரே என்று அன்று முழுவதும் நான் அப்பாவோடு பேசவில்லை.