தாராவிக்கு வந்த சைவ நாய்

நாய் வளர்ப்பதைப் பற்றி சுடலைக்கண்ணனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தாராவியில் அவன் குடியிருக்கும் ஒற்றை அறைக் கோலியில் கோட்டி என்றொரு கறுப்பு நாயும் ராணி என்றொரு பூனையும் உண்டு. மீன் கழுவிய தண்ணீரைக் கொடுத்தாலும் கோட்டி வாலை ஆட்டிக்கொண்டு குடித்துவிடும். ஆனால் சைவ நாய் என்று ஒன்று இருப்பதை அவன் மாட்டுங்காவில்தான் கேள்விப்பட்டான்.

அவன் மனைவி பானுமதி அங்கே விசாலாக்ஷி மாமி வீட்டில் வேலை பார்க்கிறாள். அந்த வேலையை நம்பித்தான் மகளைக் கல்லூரியில் சேர்த்திருக்கிறார்கள். மாமியும் மாமாவும் காசிக்குப் போகிறார்கள், திரும்பி வரும்வரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர்கள் நாயைக் கூட்டிவரப் போனான் சுடலைக்கண்ணன். மாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

“நாய்னு கூப்பிடாதே, சிண்டுன்னு கூப்பிடு. தயிர் சாதம் மட்டும்தான். வெங்காயம்கூட ஆகாது. வேற ஏதாவது அது வாயில பட்டுதோ, பானுமதி இந்தப் படி ஏற வேண்டாம்.”

பக்கத்தில் நின்ற மாமா தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பானுமதி அன்றைக்கே வீட்டை மடமாக்கிவிட்டாள். கருவாடு, முட்டை எல்லாம் பக்கத்துக் கோலி அக்தர் பானுவிடம் போய்ச் சேர்ந்தன.

“எட்டி, ஒரு நாய்க்காண்டி நாம மூணு பேரும் விரதம் கெடக்கணுமா?”

“கெடங்க. செத்தா போயிருவிய?”

சிண்டு தயிர் சாதத்தை முகர்ந்து பார்த்தது. மரியாதை குறைந்த சம்பந்தி மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதைப் பார்த்துக் கோட்டியும் திருப்பிக்கொண்டது. ராணி யோசிக்கவே இல்லை, கருவாடு போன வழியே அக்தர் பானு வீட்டுக்குக் குடிபோய்விட்டது.

அடுத்த நாளும் சிண்டு வாயைத் திறக்கவில்லை. அதற்கும் அடுத்த நாள் எழுந்திருக்கவே யோசித்தது. பானுமதி மூக்கைச் சிந்தினாள். கறி தின்றால் வேலை போகும். தின்னாமல் செத்தாலும் போகும். பழகின தெருவில் நாலு நடை நடந்தால் பசி எடுக்கும் என்று, சுடலைக்கண்ணன் அதைத் தூக்கிக்கொண்டு மாமி வீட்டுப் பக்கத்திலிருக்கும் கிங்ஸ் சர்க்கிளுக்குப் போனான்.

இறக்கிவிட்டதுதான் தாமதம், அதுவரை செத்த பிணமாகக் கிடந்தது அவனை இழுத்துக்கொண்டு ஒரு சந்துக்குள் ஓடியது. அங்கே ஒரு தள்ளுவண்டி. கல்லில் ஈரல் பொரிந்துகொண்டிருந்தது. வண்டிக்காரர் ஷேக் பரீத், திருநெல்வேலிப் பக்கத்து ஆள்.

“வாடே சிண்டு! எங்க ஆளையே காணும்?” என்று ஒரு துண்டு ஈரலை வீசினார்.

“ஏ, அது சைவ நாய்வே!” என்று சுடலைக்கண்ணன் அலறுவதற்குள் ஈரல் தொண்டையைத் தாண்டிவிட்டது.

ஷேக் பரீத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “சைவமா? தெனம் காலையில டிபனே இங்கதான் அண்ணாச்சி. நாய்க்கு ஈரலு, கூட வாற ஐயருக்கு டபுள் ஆம்லெட். வீட்டுல சொல்லிராதீக, மனுசன் பாவம்.”

அன்று கருவாடு வீடு திரும்பியது. பின்னாலேயே ராணியும். சிண்டு, கோட்டியின் தட்டையும் சேர்த்து நக்கியது.

காசியிலிருந்து மாமி வந்ததும், சந்தன சோப்பில் குளிப்பாட்டிய சிண்டுவைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மாமி அதைத் தூக்கிக் கொஞ்சினாள். மூக்கைச் சுளித்தாள்.

“என்னடி பானுமதி, இது வாயில ஏதோ நாத்தம் வர்றதே?”

சுடலைக்கண்ணன் மாமாவை நேராகப் பார்த்துச் சொன்னான்.

“ஐயா தெனம் காலையில கூட்டிட்டுப் போவாகல்லா, அதே சந்து வழியாத்தாம்மா நானும் கூட்டிட்டுப் போனேன். வேற எங்கயும் போகல.”

மாமாவுக்கு இருமல் வந்துவிட்டது. “பஸ் புகைடி அது! கிங்ஸ் சர்க்கிள்ல சாம்பிராணியா மணக்கும்? குழந்தை எப்படி மினுமினுன்னு இருக்கு பார். நன்னா பாத்துண்டிருக்கான்.”

மாமி சிண்டுவின் முதுகைத் தடவிப் பார்த்தாள். “தயிர் சாதத்தோட சக்தி” என்று அவளே தீர்ப்புச் சொன்னாள்.

இருவரும் படி இறங்கும்போது மாமா பின்னாலேயே ஓடிவந்தார்.

“பானுமதி வேலைக்கு ஒரு குறையும் வராதுப்பா, நான் பாத்துக்கறேன்.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அந்தக் கடைக்காரன் என்னைப் பத்தி வேற ஏதாவது சொன்னானோ?”

“இல்லீயே ஐயா.”

மாமா நீளமாக மூச்சு விட்டார். அந்த மூச்சைக் கேட்ட பிறகுதான், நாளைக்கு ஷேக் பரீதை இன்னொரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று சுடலைக்கண்ணனுக்குத் தோன்றியது.